நரேஷன் ப்ளீஸ்!

டாலியில் வவுச்சர் போட்டவர்களுக்குத் தெரியும். தேதி, லெட்ஜர், தொகை எல்லாம் அடித்து முடித்த பிறகு அடியில் 'நரேஷன்' என்று ஒரு கட்டம் காத்துக்கொண்டிருக்கும். இந்தப் பணம் எதற்காகப் போனது என்று ஒரு வரி எழுத வேண்டும். பாதிப் பேர் அதைக் காலியாக விட்டு என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மார்ச் மாதம் ஆடிட்டர் வந்து, "பதினேழாம் தேதி நாலாயிரத்து இருநூறு ரூபாய், இது என்ன சார்?" என்று கேட்கும்போது எல்லோரும் சீலிங் ஃபேனைப் பார்ப்பார்கள்.

உங்கள் போனில் இருக்கும் பாட்டு ஆப்பும் நரேஷன் இல்லாமல்தான் கணக்கு எழுதுகிறது. என்ன பாட்டு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பொறுமை போய்த் தள்ளிவிட்டீர்கள், எத்தனை தடவை திரும்பப் போட்டீர்கள்... எல்லாம் பைசா சுத்தம். ஏன் கேட்டீர்கள் என்பது மட்டும் கிடையாது. பிடித்துப் போய்க் கேட்டதும், பிள்ளை அழுததால் போட்டதும் அதற்கு ஒரே லெட்ஜர்தான்.

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு வயது முப்பத்துமூன்று. ஆப்பின் கணக்குப்படி மூன்று. காரணம், அவர் மகள் ரைம்ஸ் இல்லாமல் ஒரு வாய் இட்லி கூட உள்ளே விடமாட்டாள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது செகண்ட் ஓடினாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. ரைம்ஸ் ஒன்று ரெண்டு நிமிஷம் என்று வையுங்கள். இருபது நிமிஷச் சாப்பாட்டில் பத்து என்ட்ரி விழுந்துவிடும். அதே வீட்டில் அவர் அம்மா விடியற்காலையில் கந்த சஷ்டி கவசம் போடுகிறார். சூலமங்கலம் சகோதரிகள் பாடியது, கிட்டத்தட்ட அதே இருபது நிமிஷம். அதற்கு ஒரே ஒரு என்ட்ரி. முருகன் குழந்தைத் தெய்வம், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நண்பருடைய சொந்த ராஜா பாட்டு, சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் கிடக்கிறது.

ஆரம்பத்தில் இந்த வித்தை இப்படி இல்லை. 1994-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் 'ரிங்கோ' என்று ஒன்று செய்தார்கள். ஈமெயில் மூலம் வேலை செய்யும். அது உங்களுக்குப் பாடகர்களின் பட்டியல் அனுப்பும். நீங்கள் ஒவ்வொருவருக்கும் ஏழுக்கு இத்தனை என்று மார்க் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்களைப் போலவே மார்க் போட்ட வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து, அவர்களுக்குப் பிடித்து நீங்கள் கேட்காததை அது சிபாரிசு செய்யும். இன்றைய ஆப்களுக்கும் அடிப்படை அதுதான். ஸ்பாட்டிஃபை 2015-ல் ஆரம்பித்த 'டிஸ்கவர் வீக்லி', திங்கட்கிழமை தோறும் முப்பது பாட்டு கொடுப்பது, அதன் பேரன் என்று சொல்லலாம். நடுவில் மாறியது ஒன்றுதான். தாத்தா உங்களைக் கேட்டார். பேரன் கேட்பதில்லை, ஒளிந்திருந்து பார்க்கிறான். மார்க் போட உட்காருகிற மனுஷன் யோசிப்பான். சமையலறையில் போன் பாடிக்கொண்டிருக்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

காஸெட் காலத்து ரெக்கார்டிங் சென்டர்காரர் இந்த விஷயத்தில் மேல் என்று என் சித்தப்பா சத்தியம் செய்கிறார். லிஸ்ட்டை நீட்டியதும் முதல் கேள்வி, "யாருக்குப்பா?" கல்யாண வீட்டுக்கா, டூரிஸ்ட் வேனுக்கா, இல்லை வேறு மாதிரி சமாசாரமா? அதைப் பொறுத்து நாலு பாட்டை அடித்துவிட்டு வேறு நாலு எழுதுவாராம். நரேஷன் வாங்காமல் அவர் டெக்கில் காஸெட்டைச் செருகியதே இல்லை.

ரைம்ஸ் சிரிக்கிற விஷயம். எல்லாமே அப்படி இல்லை. இன்னொரு நண்பர், விவரம் வேண்டாம், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் ஓர் இடம் நிச்சயதார்த்தம் வரை வந்து நின்று போனது. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வந்துவிட்டது, ஆள் வரவில்லை. ரெண்டு மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு மேல் ஒரே சோகம். அதற்கென்று தனியாக ஒரு பிளேலிஸ்ட். பெயர்கூட வைக்கவில்லை, ஒரு புள்ளி மட்டும்.

பிறகு அவர் தேறிவிட்டார். தாடியை எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடுகிறார். ஆப் தேறவில்லை. தாம்பரத்தில் எட்டே கால் ட்ரெயின் பிடித்து ஹெட்போனை மாட்டினால், 'உங்களுக்காக' என்று தலைப்புப் போட்டு, குரோம்பேட்டை வருவதற்குள் ஷெனாய் அழ ஆரம்பிக்கிறது. கட்டி முடித்த லோனுக்கு மாசாமாசம் ரிமைண்டர் வருவது போல. "நானே மறந்துட்டேன் பாஸ், இது விடமாட்டேங்குது. இதை நிறுத்த வழி இருக்கா?" என்று கேட்டார். கேட்ட குரலில் காமெடி இல்லை.

வழி இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 2023-ல் ஒரு வசதி கொண்டுவந்தார்கள். பிளேலிஸ்ட்டைத் திறந்து மூன்று புள்ளியை அமுக்கினால் 'எக்ஸ்க்ளூட் ஃப்ரம் யுவர் டேஸ்ட் புரொஃபைல்' என்று ஒரு வரி வரும். இந்த லிஸ்ட்டில் நான் கேட்பதை என் ரசனையில் சேர்க்காதே என்று அர்த்தம். லிஸ்ட் அழியாது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிபாரிசில் அதன் செல்வாக்கு குறையும். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் பாட்டுகளை அந்த லிஸ்ட்டிலிருந்தே போட வேண்டும். அதே பாட்டைத் தேடிப் பிடித்துத் தனியாகப் போட்டால் பழைய கதைதான். ஆகவே ரைம்ஸ் வீட்டுக்காரர்கள் முதலில் எல்லா ரைம்ஸையும் ஒரு லிஸ்ட்டில் அடைத்து, அந்த லிஸ்ட்டை ஒதுக்கிவைத்து, பாட்டியிடம் "இதை மட்டும் அமுக்குங்கம்மா" என்று காட்டிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது வேலைதான் கஷ்டம்.

நம் ட்ரெயின் நண்பரும் தன் லிஸ்ட்டை ஒதுக்கினார். ஒதுக்குவதற்கு முன் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு ஒரு பெயர் வைத்தார். 'வாராக்கடன்.' பி.காம். படித்ததற்கு அவர் இதுவரை அடைந்த முழுப்பயன் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கடனைத் தள்ளுபடி செய்தால் லெட்ஜரைக் கிழித்துப் போட மாட்டார்கள், தெரியுமில்லையா? அது ஓரமாக இருக்கும். அவ்வளவுதான்.

மற்ற ஆப்களிலும் வழி உண்டு. ஆப்பிள் மியூசிக் வைத்திருப்பவர்கள் போன் செட்டிங்ஸில் 'யூஸ் லிசனிங் ஹிஸ்டரி'யை அணைத்துவிட்டால், அந்தப் போனில் கேட்பது கணக்கில் ஏறாது. யூட்யூப் மியூசிக்கில் 'பாஸ் வாட்ச் ஹிஸ்டரி' இருக்கிறது. அங்கே கூட்டுக் குடும்பக் கணக்கு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யூட்யூபில் பார்க்கும் பாட்டு வீடியோவும் இங்கே வந்து சாட்சி சொல்லும். மச்சினன் நாள் முழுக்க உங்கள் போனை வாங்கி நோண்டுகிறான் என்றால் ஸ்பாட்டிஃபையில் 'பிரைவேட் செஷன்' போட்டுக் கொடுக்கலாம். அது நிரந்தரமில்லை, ரொம்ப நேரம் சும்மா இருந்தால் தானே கலைந்துவிடும். மச்சினன் அப்படியில்லை, அது வேறு.

இதையெல்லாம் சொன்னதும் ஒரு ரகத்தினர் உற்சாகமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு ஆபீஸைக் கழுவுவது மாதிரி அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, 'என் டேஸ்ட் இப்ப பக்கா ப்யூர்' என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. என் சகதர்மிணி சமைக்கும்போது என் கணக்கில் மலையாளப் பாட்டு கேட்பாள். அதை ஒதுக்கவில்லை. அவள் கேட்டதால் எனக்கு வந்து சேர்ந்த பாட்டுகளில் நாலைந்தை இப்போது நானே தேடிப் போடுகிறேன், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும். தானாக நான் அந்தத் தெருப்பக்கம் போயிருக்கவே மாட்டேன். என் ரசனையை மட்டும் வைத்து முப்பது பாட்டு கேட்டால் 1990-களைத் தாண்டி ஒரு அடி நகராது. தூக்கத்துக்குப் போடும் மழைச் சத்தம், ஜிம் பாட்டு, ரைம்ஸ் இதெல்லாம் மருந்துச் சீட்டு; ஒதுக்கலாம். வீட்டு மனுஷர்கள் ஆசைப்பட்டுக் கேட்பதை நான் ஒதுக்கமாட்டேன்.

நம் கையெழுத்தே இல்லாத என்ட்ரிகளும் உண்டு. ஸ்பாட்டிஃபை 2020-ல் 'டிஸ்கவரி மோட்' என்று ஒன்று ஆரம்பித்தது. பாட்டுக் கம்பெனியோ பாடகரோ ஒரு பாட்டைக் குறித்துக் கொடுத்தால், ரேடியோ, ஆட்டோப்ளே போன்ற இடங்களில் அது உங்கள் காதுக்கு வரும் வாய்ப்பு கூடும். முன்பணம் வேண்டாம். அந்த இடங்களில் அந்தப் பாட்டு சம்பாதிக்கும் ராயல்டியில் முப்பது சதவீதம் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள். யாரும் கேட்காத பாட்டை இதனால் தலையில் கட்டிவிட முடியாது, நீங்கள் தள்ளிவிட்டால் அதுவும் பின்னால் போகும் என்பது அவர்கள் கட்சி. இருக்கட்டும். ஆனால் தானாக வந்து விழும் பாட்டில் எது ரசனைக்காக வந்தது, எது கமிஷனுக்காக வந்தது என்று கேட்கிறவனுக்குப் பிரித்துக் காட்டும் அடையாளம் இல்லை. இங்கேயும் நரேஷன் காலி.

ரெக்கார்டிங் சென்டரிலும் இது உண்டு என்கிறார் சித்தப்பா. லிஸ்ட் முடிந்தும் காஸெட்டின் கோடியில் ரீல் மிச்சமிருந்தால், அவராகவே புதுசாக வந்த ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவார். சில சமயம் பாதிப் பாட்டில் டக்கென்று நிற்கும். அவர் கையில் இருந்தது நாலு நிமிஷ ரீல். ஆப்பிடம் ரீல் தீராது. நீங்கள் போட்ட ஆல்பம் முடிந்ததும் விடிய விடிய அதுவே போட்டுக்கொண்டிருக்கும்.

நிறுத்த வேண்டுமானால் செட்டிங்ஸில் ப்ளேபேக்குக்குள் 'ஆட்டோப்ளே' என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். ஆல்பம் முடிந்ததும் சத்தம் நின்றுவிடும். முதல் ரெண்டு நாள் மட்டும் வீட்டில், "போன் ரிப்பேராயிடுச்சு போல, பாதியிலயே நின்னுடுது" என்பார்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.