ஒறுப்பை எண்ணி ஊதியமா?

குற்றஞ்சாட்டப்பெற்ற ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது நடுவரின் கையிலேயே உள்ளது எனப் பலரும் எண்ணுகின்றனர். நடுவர் தீர்ப்புக் கூறுவதோ இறுதியில்தான். எவன்மேல் வழக்குத் தொடுப்பது, எக்குற்றத்தைச் சாட்டுவது, எதனைக் கைவிடுவது என்பவற்றை அதற்கு முன்னரே முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். அத்துணைப் பெரும் பொறுப்பை ஏந்தியவர்க்குக் கூலி கொடுப்பவர் எவர், எதனை அளந்து கொடுக்கின்றார் என்னும் வினா, முறைசெய்தலின் வேரையே தொடும் வினாவாகும். அமெரிக்க நாட்டின் பட்டறிவு இதனை நன்கு விளக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசு வழக்கறிஞர் பலர்க்கு நிலையான சம்பளம் இல்லை. வழக்கொன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெற்றனர். சில மாநிலங்களிலோ, குற்றம் உறுதியானால்தான் கட்டணம் என்னும் முறையும் இருந்தது. அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமா? சிறு பிழை செய்த ஏழையும் கட்டணம் சுரக்கும் கறவை மாடானான். இக்கேட்டை உணர்ந்த அமெரிக்கப் பேராயம், நடுவணரசின் மாவட்ட வழக்கறிஞர்களை 1896-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்டுச் சம்பளத்தின்கீழ்க் கொண்டுவந்தது. மாநிலங்களும் படிப்படியே அவ்வழிச் சென்றன.

ஆயினும் வாயிலில் விரட்டிய கேடு, சாளரத்தின் வழியே மீண்டும் நுழைந்தது. கொலராடோ மாநிலத்தின் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் ஒன்று, கொடுங்குற்ற வழக்குகளில் 70 விழுக்காடு வென்ற தன் வழக்கறிஞர்க்குப் பரிசுத்தொகை வழங்கியமை 2011-இல் வெளிப்பட்டது. குற்றத்தொடர்புடையவை எனப் பறிக்கப்பெறும் பணத்தையும் உடைமையையும் காவல்துறையும் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் தமக்கே வைத்துக்கொள்ளப் பல மாநிலச் சட்டங்கள் இடந்தருகின்றன. பறிப்பவனே பங்கும் பெறுவானாயின், அவன் கையில் துலாக்கோல் எங்ஙனம் நேர்நிற்கும்? நியூ மெக்சிகோ மாநிலம் 2015-இல் சட்டம் இயற்றி, அத்தகைய பணம் பொதுக் கருவூலத்திற்கே செல்லுமாறு செய்தது. அதுவே நேர்மை.

இனி, எவர் கொடுப்பது என்னும் வினாவிற்கு வருவோம். அந்நாட்டில் மாநிலங்களின் சட்டப்படி வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்கள் ஏறத்தாழ 2,300 உள்ளன. அவற்றுள் பலவற்றின் செலவில் பெரும்பங்கைக் கவுண்டி எனப்படும் மாவட்டங்களே சுமக்கின்றன. நெடுநாட் சிறையின் செலவையோ மாநில அரசு சுமக்கின்றது. எனவே மாவட்டம் சம்பளம் கொடுக்கும் வழக்கறிஞர் எத்துணைப் பேரைச் சிறைக்கு அனுப்பினும், அம்மாவட்டத்திற்குச் சல்லிக் காசும் செலவில்லை. பிறர் வீட்டு விருந்தில் இலைபோட்டு அமர்ந்தவன் அளவறிந்தா உண்பான்? இம்முறையின் கோணலை அந்நாட்டு அறிஞர் 1991-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். கலிபோர்னியா மாநிலம் 2011-இல் விழித்துக்கொண்டு, கடுமை குறைந்த குற்றங்கட்கான சிறைப்பொறுப்பை மாவட்டங்களிடமே ஒப்படைத்து, அதற்குரிய பணத்தையும் வழங்கியது. மாநிலச் சிறைகளில் நெருக்குண்டு கிடந்தோர் தொகை பல்லாயிரக் கணக்கில் குறைந்தது.

சம்பளம் குறைந்தாலும் கேடே. சிறு மாவட்டங்கள் சிலவற்றில் அரசு வழக்கறிஞர் அரைப்பொழுதுப் பணியினராய் இருந்துகொண்டு, எஞ்சிய பொழுதில் சொந்தத் தொழில் செய்கின்றார். காலையில் அரசின் ஆள், மாலையில் தனியாரின் ஆள் என்றால் மக்கள் எவரை நம்புவர்? நியூயார்க்கு மாநிலம் மாவட்ட வழக்கறிஞர் சம்பளத்தை நடுவர் சம்பளத்தோடு பிணைத்துள்ளது. இது நன்று. ஆனால் 2016-இல் நடுவர் சம்பளம் உயர்ந்தபோது, கட்டளை மாநிலத்தினது, சுமை எம்முடையதா என மாவட்டங்கள் முறையிட்டன. அம்முறையீட்டில் ஞாயம் உண்டு. கட்டளையிடுபவரே காசும் தருதல் வேண்டும்.

வெற்றிக்குப் பரிசு இல்லையேல் ஊக்கம் எங்கிருந்து வரும் என்று சிலர் வினவலாம். அரசு வழக்கறிஞர்க்கு வெற்றியாவது யாது? குற்றமற்றவன்மேல் தொடுத்த வழக்கைத் தாமே கைவிடுவதும் அவர்க்கு வெற்றியே. அவ்வெற்றியை எந்தப் பரிசுக் கணக்கு எண்ணும்? மாநிலமே சம்பளம் கொடுப்பின் மாவட்டத்தின் உரிமை பறிபோகும் என்பாரும் உளர். ஆண்டுதோறும் கூட்டவும் குறைக்கவும் இயலாதவாறு, சம்பளத்தைச் சட்டத்தாலேயே வரையறுத்துவிடின் அவ்வச்சத்திற்கு இடமில்லை.

ஆகவே செய்யத்தக்கவை நான்கு. அரசு வழக்கறிஞர் சம்பளம் நடுவர் சம்பளத்தை ஒட்டிச் சட்டத்தால் நிலைபெறுக. அதனை மாநிலமே கொடுக்க. தண்டிய பணமும் பறித்த உடைமையும் பொதுக் கருவூலம் சேர்க. சிறைக்கு ஆளனுப்பும் மாவட்டம் அச்சிறையின் செலவில் ஒரு பங்கை ஏற்க.

ஒருவனது விடுதலை மற்றொருவனுக்கு இழப்பாகவும், அவனது ஒறுப்பு ஊதியமாகவும் அமையும்வரை அங்கே நடுவுநிலைமை என்பது வெறும் பெயரளவே. கூலியைத் தூய்மை செய்யாமல் முறைமன்றத்தைத் தூய்மை செய்தல் எந்நாட்டிலும் இயலாது.