"சின்னப் பிள்ளைக்கு மியூசியத்துல என்ன புரியும்?"னு கேட்கிறவங்களுக்கு

1/
"3 வயசுப் பிள்ளையை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய் என்ன டாக்டர் பண்றது? அதுக்கு என்ன புரியும்?" சோலூர்ல குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர்ங்கிறதால இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். பதிலை இங்கேயே எழுதிடறேன். குழந்தைக்குப் புரியுது. நமக்குத்தான் பொறுமை இல்லை. பழியை மட்டும் குழந்தை தலையில போடறோம்.

2/
முதல்ல கண்ணைப் பத்தி. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாத் தெரியும். மடியில கிடக்கிற குழந்தைக்கும் அம்மா முகத்துக்கும் இருக்கிற தூரம் அது. வெளிர் நிறங்கள் சரியாப் பிடிபடாது. வெள்ளை மேல கறுப்பு, வெள்ளை மேல சிவப்புன்னு பளிச்சுனு பிரியற கோடுகளைத்தான் உத்துப் பார்க்கும். இதைத் தெரிஞ்சுகிட்டுதான் ஆன்லைன்ல கறுப்பு, வெள்ளை, சிவப்பு அட்டைங்க விக்கறாங்க. நாமளும் காசு கொடுத்து வாங்கித் தொட்டில்ல மாட்டறோம்.

3/
இப்ப நம்ம மலையைப் பாருங்க. தோடர்கள் போர்த்தற பூத்துக்குளி தெரியும்தானே? வெளுப்பான முரட்டுப் பருத்தித் துணி, அது மேல சிவப்பும் கறுப்பும் நூல் வேலை. படம் வரைஞ்சு வச்சுகிட்டுத் தைக்கறதில்லை. துணியோட இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். 2013-ல புவிசார் குறியீடு கிடைச்ச கைவேலை இது. கைக்குழந்தைக்காக யாரும் இதை உண்டாக்கல. ஆனா கைக்குழந்தை கண்ணுக்கு இதைவிட நல்ல அட்டையை எந்தக் கம்பெனியும் அச்சடிக்கல. 4 வயசுப் பிள்ளைன்னா, "இந்தப் பட்டையில எத்தனை கறுப்பு இருக்கு?"னு கேளுங்க. அதுதான் கணக்குப் பாடம், டியூஷன் ஃபீஸ் கிடையாது.

4/
ஆனா ஞாயித்துக்கிழமை நாம போறது எங்கே? போட் ஹவுஸ், சாக்லேட் கடை, நாலு செல்ஃபி, ஒரு பாக்கெட் வர்க்கி. திரும்பி வர்ற வழியில பிள்ளை கையில போன். வாரம் பூரா எஸ்டேட்ல கொழுந்து எடுத்துட்டு ஒரு நாள் கால் நீட்டற அம்மாவை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். காரும் இருந்து, லீவும் இருந்து, "அதுக்குப் புரியாது"ன்னு சொல்றவங்களோடதான் என் சண்டை.

5/
மியூசியத்துல புரியாத அதே பிள்ளைக்குத்தான் யூடியூப் புரியுமா? 2 வயசு முடியற வரைக்கும் ஸ்க்ரீன் வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிடுச்சு. பேச்சு வளர்றது பதில் சொல்ற மனுஷர்கிட்ட இருந்துதான். பிள்ளை விரல் நீட்டணும், நீங்க பேர் சொல்லணும், அது திரும்ப ஒண்ணு கேட்கணும். ஒரு எருமைப் படத்துக்கு முன்னாடி இது 10 நிமிஷம் நடக்கும். போன் முன்னாடி நடக்காது.

6/
மியூசியம் நடத்தறவங்களையும் சும்மா விடறதா இல்லை. 3 வயசுக் குழந்தையோட உயரம் சுமார் 95 செ.மீ. நான் பார்த்த முக்கால்வாசி இடத்துல கண்ணாடிப் பெட்டி பெரியவங்க நெஞ்சு உயரத்துல இருக்கு. பிள்ளைக்குத் தெரியறது மேஜைக் கால் மட்டும்தான். உட்கார பெஞ்ச் கிடையாது, பால் கொடுக்க மறைவான இடம் கிடையாது, பாத்ரூம் பூட்டியிருக்கும். சுவர் பூரா "தொடாதே". அப்புறம் "மக்களுக்கு ஆர்வமே இல்லை"ன்னு வருத்தப்படறாங்க. மொதல்ல அந்தப் பெட்டியைக் கீழே இறக்குங்க சார்.

7/
தோடர்களோட பழைய வீட்டு வாசலைப் பார்த்திருக்கீங்களா? பெரியவங்க தவழ்ந்துதான் உள்ளே போகணும். சின்னப் பிள்ளை நடந்தே போகும். ஊட்டிக்குப் பக்கத்துல முத்தோரை பாலாடாவுல பழங்குடியினர் ஆராய்ச்சி மைய அருங்காட்சியகம் இருக்கு. அங்கே இந்த மாதிரி பழங்குடி வீடுகளை முழு அளவுல கட்டி வச்சிருக்காங்க. திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க.

8/
அடுத்தது கை. நம்ம சோலூர் கோக்கால் ஒரு கோத்தர் ஊர். ஒரு காலத்துல இந்த மலைக்கே சட்டிபானையும் இரும்புச் சாமானும் செஞ்சு கொடுத்தவங்க கோத்தர்கள். இரும்பு வேலை ஆண்களுக்கு, மண்பாண்டம் பெண்களுக்கு. நாம என்னடான்னா விரல் தசை உறுதியாகாத 3 வயசுப் பிள்ளைகிட்ட பென்சிலைக் கொடுத்து, "கோட்டுக்குள்ள எழுது"ன்னு அதட்டறோம். முதல்ல மண்ணைக் கொடுங்க. பிசையட்டும், உருட்டட்டும், கிள்ளட்டும். பென்சில் பிடிக்கிற பலம் அங்கேதான் வரும்.

9/
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. கனடாவுல மாண்ட்ரியல் நகர நுண்கலை அருங்காட்சியகத்துக்கு இலவசமாப் போக 2018 முதல் டாக்டர்களே சீட்டு எழுதித் தந்தாங்க. ஒரு சீட்டுல 2 பெரியவங்களும் 2 பிள்ளைங்களும் போகலாம். நம்ம ஊர்ல சத்து டானிக் எழுதலைன்னா என்னை டாக்டராவே மதிக்க மாட்டாங்க!

10/
சரி, நானும் ஒரு சீட்டு எழுதறேன்.
• பசி, தூக்கம், ஒண்ணுக்கு மூணையும் முடிச்சுட்டுக் கிளம்புங்க.
• மொத்தம் 20 நிமிஷம் போதும். ஒரே ஒரு பொருள் பார்த்தாலும் போதும்.
• குத்த வச்சு உட்கார்ந்து, பிள்ளை கண் மட்டத்துல இருந்து பாருங்க.
• வருஷமும் வரலாறும் வேண்டாம். "இது என்ன பண்ணுது? உனக்கு எது பிடிச்சிருக்கு?" அவ்வளவுதான்.
• அழுகை வர்றதுக்கு முன்னாடி வெளியே வந்துடுங்க.
• வீட்டுக்கு வந்ததும் கரித்துண்டோ களிமண்ணோ கையில கொடுங்க. என்ன செஞ்சாலும் திருத்தாதீங்க.

11/
கண்டிப்பா ஒண்ணு. மந்தும் கோக்காலும் மக்கள் குடியிருக்கிற ஊர், காட்சிசாலை இல்லை. தெரிஞ்சவங்க கூப்பிட்டா மட்டும் போங்க. கோயில் பக்கம் போகாதீங்க. கேட்காம யாரையும் போட்டோ எடுக்காதீங்க. கைவேலை வாங்கினா பேரம் பேசாதீங்க. ஒரு போர்வைக்குப் பின்னாடி பல வார உழைப்பு இருக்கு. பிள்ளை இதையும் உங்களைப் பார்த்துதான் கத்துக்கும்.

12/
கடைசியா, என்னை உறுத்தற விஷயம். இந்த மலையில பிறந்த பிள்ளைக்கு ஆப்பிள் மரம் வரையத் தெரியுது, கலரிங் புக்ல இருக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி மடியில இருக்கிற பூவேலை அதுக்கு வெறும் "டூரிஸ்ட் ஐட்டம்". அந்தப் பாட்டியோட பேத்தியும் அப்படியே நினைச்சு வளர்ந்தா, இழை எண்ற அந்தக் கணக்கு பாட்டியோட போயிடும். அப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள துணி மட்டும்தான் மிஞ்சும், அதுவும் பிள்ளைக்கு எட்டாத உயரத்துல.

வர்ற ஞாயித்துக்கிழமை 20 நிமிஷம். போயிட்டு வந்து, பிள்ளை எதைப் பார்த்து விரல் நீட்டுச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. படிக்கக் காத்திருக்கேன்.