கொடுத்த நாளும் எடுத்த நாளும்

ஜமைக்கா என்றவுடன் நம்மில் பலருக்கு மைக்கேல் ஹோல்டிங்கின் பந்துவீச்சும் பாப் மார்லியின் குரலும் உசேன் போல்ட்டின் ஓட்டமும் நினைவுக்கு வரும். அத்தீவின் விடுமுறைப் பட்டியலை எவரும் நினைப்பதில்லை. ஆனால் ஒரு நாடு தன் வரலாற்றில் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதை அறிய, பாடநூலைக் காட்டிலும் அந்தப் பட்டியலே நம்பகமானதாக நமக்குத் தோன்றுகிறது. ஜமைக்காவில் ஆகஸ்டு 1 அடிமை விடுதலை நாள். ஆகஸ்டு 6 சுதந்திர நாள். இவற்றுள் முன்னது, 1962-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது பொது விடுமுறைகளிலிருந்து நீக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, பி.ஜே. பேட்டர்சன் பிரதமராக இருந்த 1997-இல்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. அதற்குப் பரிந்துரைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டு. அறிஞர், அதற்கும் மேலாக நடனக் கலைஞர்.

நீக்கியது பிழை என்பதே நம் கருத்து. எனினும் மறுதரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரே வாரத்தில் இரண்டு விடுதலை எதற்கு என்று கேட்கலாம். புதிதாக எழுந்து நிற்கும் நாடு தன் காலில் கிடந்த தளையை ஆண்டுதோறும் எடுத்துப் பார்ப்பானேன் என்றும் கேட்கலாம். இவற்றைவிட வலுவான கேள்வி ஒன்றுண்டு. ஆகஸ்டு 1 இலண்டனில் குறிக்கப்பட்ட தேதி அல்லவா? ஆண்டவன் போட்ட கையெழுத்தை அடிமைப்பட்டவன் ஏன் கொண்டாட வேண்டும்?

பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1833-இல். அது நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்டு 1-இல். ஆனால் அன்று முழு விடுதலை பெற்றவர்கள் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளே. மற்றவர்கள் ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் அதே தோட்டத்தில், அதே முதலாளிக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. தலைமுறைகளாகக் கரும்பு வெட்டியவனுக்கு எதில் பயிற்சி என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை! அடிமைகளை இழந்த உடைமையாளர்களுக்கு, பேரரசின் குடியேற்றங்கள் அனைத்துக்குமாக, 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. அடிமைகளாய் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. முழு விடுதலை 1838 ஆகஸ்டு 1-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய இரவு ஃபால்மவுத் ஊரின் பாப்டிஸ்டுத் திருச்சபையில் மக்கள் விழித்திருந்தனர். நள்ளிரவு கடந்ததும் சங்கிலி, சவுக்கு, கழுத்து வளையம் ஆகியவற்றைச் சவப்பெட்டியில் இட்டு மண்ணில் புதைத்தனர். அவர்கள் செய்தது பிணத்துக்குரிய சடங்கு; நன்றி கூறும் கூட்டத்தோடு அது முடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும் நன்றியும் கூறப்பட்டது. ‘புரக்கின்ஸ்’ என்றொரு ஆட்டம் உண்டு. சிவப்பு அணி, நீல அணி என இரண்டு கூட்டங்கள், அரசர் அரசியராய் வேடம் பூண்டு, நிமிர்ந்த நடையில் ஒன்றையொன்று விஞ்ச ஆடும். ஆகஸ்டு முதல் நாளுக்கே உரிய ஆட்டம் அது. விடுதலையை விக்டோரியா அரசியின் கொடையாகப் போற்றும் மரபு அதில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. சட்டம் நிறைவேறியபோது விக்டோரியா அரியணை ஏறவே இல்லை. அவர் முடிசூடும் உரிமை பெற்றது 1837-இல். வரலாறு எப்படியிருந்தாலும் வாழ்த்து அரண்மனைக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நிற்க. இந்தக் கொடைக் கதையை மறுப்பதற்கு ஆகஸ்டைவிட டிசம்பரே தக்க சான்று என்போம். கிறிஸ்துமஸை ஒட்டித் தோட்ட அடிமைகளுக்குச் சில நாட்கள் ஓய்வு கிடைத்தது. கொடுத்தவன் முதலாளி; ஆனால் அந்த நாட்களை நிரப்பியது அவன் அறியாத ஆப்பிரிக்கா. ஜோன்கனூ எனப்படும் முகமூடிக் கூத்து குழலும் முரசும் முழங்கத் தெருவில் இறங்கியது. கொம்பு வைத்த மாட்டுத் தலை, குதிரைத் தலை, பிசாசு, வயிறு தள்ளிய கர்ப்பிணி (ஆடுபவர் ஆணே), உடல் முழுதும் கந்தல் துண்டுகளை அடுக்கடுக்காய்த் தைத்துக்கொண்டு சுழலும் ‘பிட்சி பாட்சி’ என வேடங்கள் பல. இக்கூத்தைப் பற்றிய குறிப்பை எட்வர்ட் லாங் 1774-இல் வெளியிட்ட ஜமைக்கா வரலாற்றிலேயே காணலாம். கிங்ஸ்டனைச் சேர்ந்த ஓவியர் ஐசக் மெண்டஸ் பெலிசாரியோ 1837, 1838 ஆண்டுகளில் வெளியிட்ட கல்லச்சுப் படங்களில் ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது. வெண்முக முகமூடியும் படைவீரனின் மேற்சட்டையும் அணிந்த ஒருவன், மாளிகை ஒன்றின் உருவைத் தலையில் தாங்கி ஆடுகிறான். சுமை தூக்குவதே வாழ்வானவன், முதலாளி வாழும் வீட்டையே தலைக்கு மேல் தூக்கி அசைத்துக் காட்டுகிறான். பார்த்துச் சிரித்துக் காசு கொடுத்த கனவான்கள் அதில் எதைக் கண்டார்களோ!

அதே கிறிஸ்துமஸ் ஓய்வுதான் 1831-இல் வேறு உருக் கொண்டது. சாம் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்டுச் சபையின் டீக்கன், எழுதப் படிக்கத் தெரிந்தவர். விடுமுறை முடிந்தபின் கூலியின்றி எவரும் வேலைக்குத் திரும்புவதில்லை என்ற உறுதியைச் செபக்கூட்டங்கள் வழியே பரப்பினார். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டத்தில் தீ எழுந்தது. வேலைநிறுத்தமாக எண்ணியது கிளர்ச்சியாயிற்று. அடக்குமுறையில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1832 மே 23-இல் மாண்டிகோ பே நகரில் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே விடுதலைச் சட்டம் வந்தது. இதற்குப் பிறகும் அதை அரசியின் கருணை என்று சொல்வது, தீயை மறந்துவிட்டு வெளிச்சத்துக்கு நன்றி கூறுவது போன்றது. ஆகவேதான் ஆகஸ்டு 1 பட்டியலில் இருக்க வேண்டும் என்கிறோம். தேதி இலண்டனுடையதாக இருக்கலாம். விலை கொடுத்தது தீவு. அதனை நீக்கினால் மறைபவர் விக்டோரியா அல்லர், ஷார்ப்.

விடுதலைக்குப் பின்னும் கூத்துக்கு நிம்மதி இல்லை. 1841-இல் கிங்ஸ்டன் மேயர் ஜோன்கனூ ஊர்வலத்தைத் தடை செய்தார், கலகம் மூண்டது. அடிமையின் ஆட்டத்தைப் பொறுத்த ஊர், குடிமகன் ஆடியதும் பொறுக்கவில்லை.

அடுக்களையிலும் இந்த எடுத்துக்கொள்ளல் நிகழ்ந்திருக்கிறது. ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் புட்டிங் ஜமைக்காவில், ரம்மிலும் ஒயினிலும் பல வாரம் ஊறிய உலர்பழங்கள் சேர்ந்த கரிய கேக்காக மாறிவிட்டது. புனித வெள்ளிக்குரிய அவர்களது சிலுவை பன், சிலுவையை உதறி, ஒரு பெரிய பாலாடைக்கட்டித் துண்டை நடுவே ஏந்திக்கொண்டது. கிறிஸ்துமஸ் பானமான ‘சாரல்’ நம் புளிச்சக்கீரை இனச் செடியின் செந்நிறப் புல்லிவட்டங்களை இஞ்சியோடு ஊறவைத்துச் செய்வது. செடி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அந்நாளைய சோற்றில் சேரும் ‘குங்கோ’ வேறொன்றுமன்று, துவரைதான். விழா தவறாத ஆட்டுக்கறிக் குழம்பு, 1845 மே 10-இல் ஓல்டு ஹார்பர் பே கரையில் முதன்முதலாக இறங்கிய இந்திய ஒப்பந்தக் கூலிகளின் வழி வந்தது. அக்குழம்புக்கு எல்லார் இலையிலும் இடமுண்டு. அந்த மே 10-க்குப் பொது விடுமுறைப் பட்டியலில் இடமில்லை.

மே மாதத்தில் இன்னொரு நாள் இருக்கிறது. விக்டோரியாவின் பிறந்தநாளான மே 24 பேரரசு நாளாகக் கொண்டாடப்பட்டு வந்தது. 1961-இல் அதனை அகற்றி, 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் எழுச்சியை நினைவுகூரும் தொழிலாளர் நாளை மே 23-இல் வைத்தனர். ஷார்ப் தூக்கிலேறிய தேதியும் அதுவே. 1972-இல் பிரதமர் மைக்கேல் மேன்லி அந்நாளை ஊர்ப்பணிக்குரியதாக மாற்றினார். அன்றுமுதல், ஆண்டுதோறும் அந்த விடுமுறையில் மக்கள் வாளியும் தூரிகையும் மண்வெட்டியுமாகப் புறப்பட்டுப் பள்ளிச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறார்கள், பாதைகளைச் செப்பனிடுகிறார்கள், மரம் நடுகிறார்கள். கூலி கிடையாது, கேட்பாரும் இல்லை.