எண்ணெய் படிந்த கடற்கரைகளில் உரமிடுதல்: நிலைப்பாட்டு அறிக்கை

எண்ணெய் படிந்த கரையில் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய ஊட்டங்களைச் சேர்த்து, அங்கே இயல்பாகவே வாழும் எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்களைப் பெருகச் செய்யும் முறையை, அவ்வூட்டங்களின் பற்றாக்குறை அளந்து உறுதிசெய்யப்பட்ட இடங்களில் மட்டுமே கையாள வேண்டும் என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு.

எண்ணெயில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் சொற்பம். ஆகவே அதை உண்ணும் நுண்ணுயிர்கள் புரதம் உருவாக்கத் தேவையான நைட்ரஜனைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே பெறவேண்டியிருப்பதால், அது குறைந்த கரையில் உணவு குவிந்து கிடந்தும் அவை பெருகுவதில்லை. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறைத்திட்டில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கலந்தபின், இம்முறை அங்குள்ள கூழாங்கற் கரைகளில் பெரிய அளவில் கையாளப்பட்டது. எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும்படி யூரியாவை ஒலீயிக் அமிலத்துடன் சேர்த்துத் தயாரித்த இனிபோல் என்னும் திரவ உரம் தெளிக்கப்பட்ட சோதனைத் திட்டில், சில வாரங்களில் கற்களின் மேற்பரப்பு வெளுத்து, கருத்த கரைக்கு நடுவே தனியே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் இந்த மாற்றம் மட்டுமே சான்றாகிவிடாது. கற்களிடையே தேங்கும் நீரில் நைட்ரஜன் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தே எண்ணெய் சிதையும் வேகம் அமைந்ததைப் பின்னர் 1994-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதே 1994-இல் அமெரிக்காவின் டெலவேர் மணற்கரையில் நடந்த சோதனையிலோ, நீரில் நைட்ரஜன் ஏற்கெனவே ஓரளவு போதுமானதாக இருந்தமையால் உரத்தின் பயன் சிறிதாகவே இருந்தது; வளர்த்துச் சேர்த்த நுண்ணுயிர்களால் கூடுதல் பயன் ஏதும் விளையவில்லை. எனவே கடைச்சரக்காக வரும் நுண்ணுயிர்க் கலவைகளைக் கரையில் தூவுவதை இவ்வமைப்பு ஆதரிக்கவில்லை.

அலாஸ்காவில் இருபது ஆண்டுகள் கழிந்தும் சில கரைகளின் அடியில் எண்ணெய் எஞ்சியிருந்ததற்கு, நீர் மெதுவாகவே ஊடுருவும் அடியடுக்கில் ஆக்சிஜன் குறைந்திருந்ததே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மேலே தெளிக்கும் உரம் அக்குறையைத் தீர்க்காது. ஆகவே அள்ளக்கூடிய எண்ணெயை முதலில் அள்ளியாக வேண்டும். அள்ளும் செலவைத் தவிர்ப்பதற்கான சாக்காக உரமிடுதலை முன்வைக்கும் எந்தத் திட்டத்தையும் இவ்வமைப்பு உறுதியாக எதிர்க்கிறது. உரத்திலிருந்து வரும் அம்மோனியா மிகுந்தால் மீன்குஞ்சுகளுக்குக் கேடு; நீரோட்டம் குறைந்த குடாக்களில் மிகை ஊட்டம் பாசிப்பெருக்கத்துக்கு வழிவகுக்கும். ஆகையால் உரமிடும் ஒவ்வொரு கரையிலும் உரமிடாத ஒரு பகுதியை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்து, இரண்டின் அளவீடுகளையும் அக்கரையை நம்பி வாழும் மீனவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பொறுப்பு அதிகாரிகள் உடனுக்குடன் அறிவிக்க வேண்டும்.