மேஜையின் எதிர்ப்புறம் நின்றவர்

2013-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரத்தில் கழுத்தெலும்புத் தட்டு விலகலுக்காகச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், எந்தெந்தச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தபடியால், ஆஸ்பத்திரியிலிருந்து 56,000 டாலருக்கும், மயக்க மருந்து கொடுத்த டாக்டரிடமிருந்து 4,300 டாலருக்கும், சர்ஜனிடமிருந்து 1,33,000 டாலருக்கும் பில்கள் வந்தபோதுகூடக் கலங்கவில்லை. சர்ஜன் எவ்வளவு கேட்டாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பெற்றுக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே ஏறத்தாழ 6,200 டாலரோடு அந்தக் கணக்கு முடிந்தது. அவரைத் திகைக்க வைத்தது, முகம் பார்த்ததாகவே நினைவில்லாத ஓர் உதவி சர்ஜன் 1,17,000 டாலர் கேட்டு அனுப்பிய பில்தான். 2014 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விரிவாக வெளியிட்ட இந்த விவகாரம், அமெரிக்க வைத்திய முறையில் வெகுகாலமாகப் புரையோடியிருந்த ஓர் அநியாயத்தை எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும்படி செய்தது.

உதவி சர்ஜன் என்பவர் வேண்டாத ஆள் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேஜையின் ஒரு பக்கம் சர்ஜன் நிற்க, எதிர்ப்புறத்தில் நின்று, ரிட்ராக்டர் என்னும் கொக்கிகளால் சதையையும் குடலையும் விலக்கிப் பிடித்து, ஊறி வரும் இரத்தத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அறுபட்ட நாளங்களைக் கவ்விப் பிடித்து, கடைசியில் தையல் போட்டு முடிப்பது வரை மணிக்கணக்கில் கூடவே உழைக்கிறவர் அவர். சிறு துவாரம் வழியாகச் செய்யும் லாப்ராஸ்கோபிச் சிகிச்சையில் காமிராவைப் பிடித்திருப்பவரும் பெரும்பாலும் அவரே. அந்தக் கை சற்றுப் பிசகினால் சர்ஜனுக்குக் காட்சியே கலைந்துபோகும். இந்த ஸ்தானத்தில் சில சமயம் இன்னொரு சர்ஜன் நிற்பார். சில சமயம் டாக்டருக்கு அடுத்த நிலையிலுள்ள பிஸிஷியன் அஸிஸ்டெண்ட் நிற்பார். சில சமயம் இதற்கென்றே பயிற்சி பெற்ற உதவியாளர் நிற்பார். யாராயினும் அவருடைய சிரமத்துக்குத் தக்க ஊதியம் கொடுக்கத்தான் வேண்டும்.

தக்க ஊதியம் எது என்பதற்கு அந்த நாட்டிலேயே ஒரு பிரமாணம் இருக்கிறது. முதியோருக்கான அரசாங்கக் காப்பீடாகிய மெடிகேர், உதவி செய்தவர் டாக்டரானால் அந்தச் சிகிச்சைக்குச் சர்ஜனுக்கென்று நிர்ணயித்த கட்டணத்தில் 16 சதவீதமும், பிஸிஷியன் அஸிஸ்டெண்டானால் 13.6 சதவீதமும் கொடுக்கிறது. எந்தெந்தச் சிகிச்சைக்கு உதவியாளர் அவசியம், எதற்கு அவசியமில்லை என்பதற்கும் அதனிடம் அட்டவணை உண்டு. பயிற்சி டாக்டர்கள் உள்ள போதனா ஆஸ்பத்திரியில், தகுதியுள்ள பயிற்சி டாக்டர் கிடைக்கும்போது, தனியாக ஒருவரை அழைத்ததற்கு அது பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. இந்த விகிதத்தை நியூயார்க் விவகாரத்தில் பொருத்திப் பார்த்தால், 6,200 டாலர் பெற்ற சர்ஜனுக்கு உதவியவரின் பங்கு ஆயிரம் டாலருக்கும் சற்றுக் குறைவு. கேட்கப்பட்டதோ அதைப்போல் நூறு மடங்குக்கு மேல்!

இந்த விபரீதத்தின் காரணம் அந்நாட்டு இன்ஷூரன்ஸ் முறையிலேயே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் குறிப்பிட்ட டாக்டர்களோடும் ஆஸ்பத்திரிகளோடும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு பட்டியல் வைத்திருக்கும். பட்டியலுக்குள் இருப்பவர் பேசிய தொகைக்கு மேல் நோயாளியிடம் கேட்க முடியாது. வெளியே நிற்பவருக்கோ, சட்டம் குறுக்கிடாத வரையில், வரம்பே கிடையாது. நோயாளி தம் சர்ஜனைப் பட்டியலில் தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் எதிர்ப்புறம் நிற்கப் போகிறவரைத் தேர்ந்தெடுப்பவர் சர்ஜன். அதிலும் நோயாளி மயங்கிக் கிடக்கும் வேளையில் வந்து, அவர் கண் விழிக்கும் முன்பே போய்விடுகிறவர் அவர். பட்டியலுக்குட்பட்ட சர்ஜனிடம் பட்டியலுக்குட்பட்ட ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு வெளியாளின் பில் வந்திருக்கிறது என்றும், அப்படிப்பட்ட சிகிச்சைகளில் 37 சதவீதத்தில் அந்த வெளியாள் உதவி சர்ஜன் என்றும் ஜாமா என்னும் வைத்தியப் பத்திரிகை 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டிற்று.

அந்த வருஷம் டிசம்பர் 27-ஆம் தேதி கையெழுத்தாகி, 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் என்ற சட்டம் இதற்குப் பெரும் பரிகாரம் செய்திருக்கிறது என்பதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலுக்குட்பட்ட ஆஸ்பத்திரியில் வெளியாள் ஒருவர் உதவி செய்தாலும், நோயாளி தம் பட்டியல் டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய பங்கை மட்டும் கொடுத்தால் போதும்; மிச்சத்துக்கு உதவி சர்ஜனும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்; தீராவிட்டால் இருவரும் ஆளுக்கொரு தொகை சொல்ல, மத்தியஸ்தர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வேறு சில டாக்டர்கள் நோயாளியிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி இந்தப் பாதுகாப்பைக் கைவிடச் செய்யலாம். உதவி சர்ஜன் விஷயத்தில் அந்தக் கையெழுத்தும் செல்லாது. சட்டம் இயற்றியவர்கள் நோயாளியின் நிலைமையை நன்றாக உணர்ந்தே இந்த ஷரத்தை வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. இந்தப் பாதுகாப்பு, இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்ட சேவைக்குத்தான். "இந்தச் சிகிச்சைக்கு உதவியாளரே அவசியமில்லை" என்று கம்பெனி ஒரேயடியாக மறுத்துவிட்டால், சட்டத்தின் நிழல் அங்கே விழுவதில்லை. பில் நேரே நோயாளியின் வீட்டுக்கு வருகிறது. குறுகியகாலக் காப்பீடுகளுக்கும் இந்தச் சட்டம் கிடையாது. பிரசவத்துக்கு உதவியாகவும் பேரக் குழந்தைகளைப் பார்க்கவும் நம் ஊரிலிருந்து நியூ ஜெர்ஸிக்கும் டல்லஸுக்கும் போகும் தாய் தந்தையருக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் பயணக் காப்பீட்டுக்கும் இந்தச் சட்டத்தின் துணை இல்லை. ஆகையால் திடீரென்று பித்தப்பையோ குடல்வாலோ எடுக்க நேரும் பெரியவரின் குடும்பம் இரட்டிப்பு ஜாக்கிரதையோடு இருப்பது அவசியம்.

அந்த ஜாக்கிரதை காகிதத்தில் தொடங்குகிறது. பில் வந்தவுடன் பயந்து பணம் கட்டிவிடக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி தனியாக அனுப்பும், "இது பில் அல்ல" என்று தலையிலேயே அச்சிட்ட விளக்கச் சீட்டு வரும்வரை காத்திருந்து, கேட்ட தொகை, அனுமதித்த தொகை, கம்பெனி கொடுத்தது, நோயாளியின் பங்கு என்ற நான்கையும் பில்லோடு ஒப்பிட வேண்டும். ஒரே சிகிச்சையின் எண் இரண்டு தடவை வந்திருந்து, ஒன்றின் பக்கத்தில் 80 அல்லது 82 என்ற எண்ணோ, ஏ.எஸ். என்ற எழுத்தோ இருந்தால் அது உதவியாளரின் கணக்கு. நோயாளியின் பங்கு என்று விளக்கச் சீட்டு சொல்வதற்கு மேல் பில் கேட்குமானால், அதைக் கொடுப்பதற்கு முன் காரணம் கேட்டு எழுதும் உரிமை நிச்சயமாக உண்டு.

ஆனால் நோயாளியைக் கணக்கப்பிள்ளையாக்குவது நியாயமா? அடுப்பங்கரையில் எடுபிடிக்கு வந்தவருக்குச் சமையற்காரர் தம் கூலிக்குள்ளேயே கொடுப்பதுதான் நம் கல்யாண வீடுகளில் வழக்கம். சாப்பிட வந்தவர்களின் இலைக்கு முன்னால் இன்னொரு சீட்டை யாரும் நீட்டுவதில்லை. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பவர் சர்ஜன் என்றால், அவருடைய ஊதியத்தையும் உள்ளடக்கி ஒரே தொகையாக இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பேசி வாங்கும் பொறுப்பும் சர்ஜனுடையதாகவே இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். மறுப்பினால் வரும் நஷ்டம் அப்போது அதைத் தாங்கவும் தடுக்கவும் சக்தியுள்ளவரிடம் போய்ச் சேரும். சிறு ஊர்களில் உதவிக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிடும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அந்த ஊர்களுக்குக் கூடுதல் விகிதம் கொடுக்கட்டும்; அந்தப் பேரத்தை நோயாளியின் படுக்கையருகில் நடத்த வேண்டாம்.

அப்படியொரு ஏற்பாடு வரும்வரையில், இன்ஷூரன்ஸ் மறுத்த நோயாளிக்கு மேல்முறையீடு ஒன்றே வழி. மறுப்புக் கிடைத்த 180 நாட்களுக்குள் கம்பெனியிடமும், அங்கும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மறுபரிசீலனையாளரிடமும் முறையிடலாம். இரண்டு இடத்திலும் எடுபடுவது ஒரே ஆதாரம்: உதவியாளர் எதற்காகத் தேவைப்பட்டார், எந்தக் கட்டத்தில் என்ன செய்தார் என்று சிகிச்சைக் குறிப்பில் சர்ஜன் எழுதியிருக்கும் வரிகள். அந்த வரிகள் இல்லாமல், தையல் ஆறாத நோயாளியின் பிள்ளைகள் சர்ஜனின் ஆபீஸுக்கு டெலிபோன் செய்து கடிதம் கேட்டுக் காத்திருக்கும்படி விடக் கூடாது. சிகிச்சை முடிந்த அன்றே சர்ஜன் அவற்றைத் தம் கையால் எழுதிவிட வேண்டும்.