ஃபார்மட் பண்ணிடலாமா சார்?

வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும், பார்க்க வருகிற தம்பி முதலில் கேட்பது இதுதான். ஸ்பீடு குறைந்தால் ஃபார்மட். பிரிண்டர் மக்கர் பண்ணினால் ஃபார்மட். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் ஃபார்மட். தலைவலி என்று போனவனிடம் தலையை எடுத்துவிடலாமா என்று கேட்கிற வைத்தியம். நாமும் "உனக்குத் தெரியாததாப்பா" என்று தலையாட்டி விடுகிறோம். இனி அப்படி ஆட்டக் கூடாது என்பது என் கட்சி.

போன மழைக்காலத்தில் என் பழைய கம்ப்யூட்டரில் வங்கியின் பக்கம் திறக்கவில்லை. மெயிலும் திறக்கவில்லை. எங்கே போனாலும் ஓர் எச்சரிக்கை வந்து வழிமறித்தது. யாரோ என் கணக்குக்குள் புகுந்துவிட்டான் என்று பயந்தே போனேன். முந்தின நாள்தான் பென்ஷன் ஏறியிருந்தது. வந்த தம்பி இரண்டு நிமிடம் பார்த்தான். "வைரஸ் சார், ஃபார்மட் பண்ணணும். மதர்போர்டும் வீக்கா இருக்கு, புதுசா ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். காரணம் விவேகம் அல்ல, கஞ்சத்தனம்.

மறுநாள் காலை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "யுவர் க்ளாக் இஸ் பிஹைண்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உன் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அது முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. தம்பியும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. வலது மூலையில் பார்த்தால் தேதி 1-1-2010!

விஷயம் இதுதான். வங்கித் தளம் போன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டர் 2010-இல் உட்கார்ந்துகொண்டு இந்த வருடச் சான்றிதழைப் பார்த்தால், இன்னும் நடைமுறைக்கே வராத காகிதம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். லைஃப் சர்டிஃபிகேட்டில் தேதி தவறிப்போய் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேதி ஏன் பின்னால் போயிற்று? மதர்போர்டில் வட்டமாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பெயர் சி.ஆர்.2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். அந்த எண்ணே அதுதான். 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது இதன் வேலை. இரவில் சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிட்டுத் தூங்குவது நம் தலைமுறையின் வழக்கம். பேட்டரி தீர்ந்துபோனால், மறுநாள் காலை கம்ப்யூட்டர் தன் பிறந்த வருடத்துக்கே போய்விடுகிறது. வாட்ச் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, ப்ளஸ் குறி மேலே தெரியும்படி மாட்டி, தேதியைச் சரிசெய்தேன். வங்கி திறந்தது. மதர்போர்டு இன்றைக்கும் திடமாகத்தான் இருக்கிறது.

தம்பியைக் குறை சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கோளாறைத் தேடினால் ஒரு மணி நேரம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். ஃபார்மட் நிச்சயமான வேலை, நிச்சயமான கூலி. அவன் நாளைக்கு ஐந்து வீடு போயாக வேண்டும். ஆனால் அவனுக்கு அது வெறும் டிஸ்க். நமக்கு அப்படியா?

பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர். மனைவி போய் மூன்று வருடம். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஆள் கூப்பிட்டார். "டி டிரைவுல இருக்கறது பத்திரமா இருக்கும் சார், சி மட்டும்தான் போகும்" என்று வந்தவர் சொன்னது உண்மைதான். ஆனால் நாம் திரையில் பரப்பி வைத்திருக்கும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம், நாமாக மாற்றாதவரை, சி டிரைவில்தான் இருக்கின்றன. அதை அவரும் சொல்லவில்லை, இவருக்கும் தெரியாது. திருமணப் படத்தை ஸ்கேன் செய்ததிலிருந்து கடைசி காசி யாத்திரைவரை டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டர். அன்றே கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்திருந்தால் மீட்கும் சாஃப்ட்வேரால் கொஞ்சமாவது எடுத்திருக்கலாம். அதன்மேல் புது விண்டோஸ் ஏற்றி, இரண்டு வாரம் ஓட்டிய பிறகுதான் என்னிடம் சொன்னார்.

இத்தனைக்கும் அந்த மெதுவுக்கு ஒரு ரீஸ்டார்ட் போதுமானதாக இருந்திருக்கலாம். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் என்பது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் முழுத் தூக்கம் அல்ல, அரைத் தூக்கம். பழைய நிலையில் பாதியை எழுதி வைத்துக்கொண்டுதான் படுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முதலிலிருந்து எழுந்திருக்கும். தினமும் ஒழுங்காக அணைக்கிறேனே என்று அவர் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆகவே இப்போது யார் கேட்டாலும் ஒன்று சொல்கிறேன். திரையில் வந்த வாசகத்தைப் பழைய டைரியில் அப்படியே எழுதுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஃபார்மட் தவிர வழியில்லை என்றால், டெஸ்க்டாப் உட்பட எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து ஒரு படத்தை வேறு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள். தம்பி முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காபி கொடுங்கள்.

நண்பரின் மகள் வீட்டில் காசிப் படங்கள் பதிந்த சி.டி. ஒன்று இருந்ததாக ஞாபகம். பரணில் தேடிக்கொண்டிருக்கிறாள்.