கருவியைத் தொட்டால் சொல் விளங்கும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. சொற்களுக்கும் இது பொருந்தும். உளி, அரம், இழைப்புளி, துறப்பணம் ஆகிய சொற்களைப் பொருளுடன் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால், உளியைப் பிடித்தறியாத கைக்கு அச்சொல் ஏட்டுச் சுரைக்காயே. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழ் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு பொருளையேனும் வீட்டில் தம் கையால் செய்தல் வேண்டும். அதற்கு ஏற்ற பருவம் கூதிர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் ஆகும். இக்காலத்தில் தில்லியிலும் போபாலிலும் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழை பெய்யும். அம்மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கிடைக்கிறது. அப்பொழுது சம்பாப் பயிர் வயலில் வளர்ந்துகொண்டிருக்கும். மழை வலுத்த நாள்களில் வயலில் இறங்க இயலாது. வீட்டுத் திண்ணையே பட்டறையாக மாறும். ஒருவர் கயிறு திரிப்பார். ஒருவர் பிய்ந்த கூடையைச் சீர்செய்வார். மற்றொருவர் தை மாத அறுவடையை எண்ணி அரிவாளுக்குப் புதுப்பிடி செதுக்குவார். அருகில் அமர்ந்திருக்கும் சிறுவர் தொழிலையும் அதற்குரிய சொற்களையும் ஒருங்கே கற்பர். நைலான் கயிறும் பிளாஸ்டிக் கூடையும் பெருகிய பின்னர் இக்காட்சி அருகிவிட்டது. காட்சி மறைந்தால் சொல்லும் மறையும் என்பதே நம் கவலை.

கயிறு திரித்தலையே எடுத்துக்கொள்வோம். தேங்காய் மட்டையை நீரில் ஊறவைத்து, அடித்து, நாரைப் பிரிப்பர். நாரை முறுக்கினால் கிடைப்பது ‘புரி’. இரண்டு புரிகளையும் தனித்தனியே ஒரே பக்கமாக முறுக்கிய பின், இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ள முயலும். அம்முயற்சியே மற்றொரு புரியை இறுகப் பற்றச் செய்யும். அதனால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை. சணல் நூலைக் கொண்டு நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம். அதன்பின் ‘முப்புரி’ என்னும் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.

கார்த்திகைத் திருநாளில் சிற்றூர்ச் சிறுவர் சுற்றும் மாவலியும் இத்தகையதே. உலர்ந்த ஆண்பனைப் பூக்கதிர்களைக் குழியில் இட்டு எரிப்பர். அவை சாம்பலாகும் முன்னரே மண்ணால் மூடுவர். காற்றுப் புகாமையால் அவை கரியாக நின்றுவிடும். கரியைப் பொடித்துத் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளின் இடையே பொருத்திக் கயிறு பிணைப்பர். கரியில் கங்கை வைத்துச் சுற்றினால், வீசும் காற்றினால் பொறிகள் பூவாகச் சிதறும். காற்றைத் தடுத்தால் கரி. காற்றைக் கொடுத்தால் கனல். வேதியியல் பாடம் ஒன்று இவ்விளையாட்டினுள் அடங்கியுள்ளது. இது தீயோடு கூடியது. ஆகவே, பெரியோர் துணையுடன் திறந்த வெளியில் மட்டுமே செய்யத்தக்கது.

கருவிகளை அறியாவிடில் இலக்கியமும் முழுமையாக விளங்காது. வள்ளுவர் அறிவின் கூர்மைக்கு அரத்தை உவமையாக்குகிறார். உருவில் சிறியவரின் பெருமைக்குத் தேரின் அச்சாணியைக் காட்டுகிறார். இரும்பை அராவும் அரத்தை ஒருமுறையேனும் தொட்டவருக்கு அவ்வுவமை தானே விளங்கும். தொடாதவருக்கு உரையாசிரியரே வந்து விளக்க வேண்டும்.

‘தேர்வுக்குப் படிக்கவே நேரமில்லை, அடுக்குமாடி வீட்டில் பட்டறைக்கு இடம் ஏது? கடையில் மலிவாகக் கிடைப்பதை ஏன் செய்ய வேண்டும்?’ என்று சிலர் வினவுவர். இவ்வினாக்கள் நியாயமானவையே. ஆயினும், கயிறு திரிக்க ஒரு முழ இடம் போதும். அகல் வனைய ஒரு கைப்பிடிக் களிமண் போதும். விலையை மிச்சப்படுத்துவது இதன் நோக்கமன்று. பத்து முறை முறுக்கியும் கயிறு நெகிழும்பொழுதுதான் உழைப்பவரின் திறம் நமக்குப் புலப்படும். அதனை உணர்ந்தவர், சாலையோரத்தில் அகல் விற்கும் குயவரிடம் இரண்டு ரூபாய்க்காகக் கடிந்து பேரம் பேசமாட்டார்.

கைத்தொழில் வழியே கல்வி என்பது புதிய கருத்தன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் இதனையே வலியுறுத்தினார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்கள் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் பயிலவேண்டும் எனக் கூறுகிறது. பள்ளி பத்து நாள்களைத் தரலாம். எஞ்சிய நாள்களை வீடே தரவேண்டும்.

ஆயுத பூசையன்று கருவிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். மறுநாள் அவற்றைப் பெட்டியில் பூட்டிவிட்டால் அவ்வணக்கம் பாதி வணக்கமே. மாணவர்களே! இவ்வாண்டுக் கூதிரில் உங்கள் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் பேசும்பொழுது, அவர்கள் இளமையில் கையால் செய்த பொருள் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். அதற்குப் பயன்பட்ட கருவிகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் அப்பொருளைச் செய்து பாருங்கள். அது கோணலாக அமைந்தாலும் குற்றமில்லை. அதனோடு வந்த சொற்கள் உங்களுடையவை ஆகிவிடும்.